அர்த்தம் தெரியாமல் கிழிக்காதவர்

எனக்கு எழுதவே வராது என்று சொல்ல முடியாது. இருபது வருடத்துக்கு மேல் எழுதித்தான் பிழைத்தேன். ஆனால் அது மற்றவர்கள் எழுதியதைப் பார்த்து நல்ல எழுத்தில் திருப்பி எழுதும் வேலை. சொந்தமாக ஒரு வரி எழுதியதில்லை. பதுளை மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காதவன். அப்படிப்பட்டவன் இன்னொரு மனிதரைப் பற்றி எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம் என்று வாசிக்கிறவர்களுக்குத் தோன்றினால் அதில் தப்பில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வாசகசாலை நண்பர்கள் தங்கள் கையெழுத்துப் பத்திரிகைக்காக, நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தவர் என்று யாருமில்லை. ஓரளவு தெரிந்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயரைப் போடவில்லை. அவருடைய அண்ணன்மார் இன்னமும் பதுளைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம்.

நமுனுகுல மலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டம். பதுளைக்கு ரயில் வராத காலம். நான் அங்கே இரண்டாவது கிளாக்கர். அவர் மருந்துக் காம்பராவில் டிஸ்பென்சர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்து ஜனங்கள் முகத்துக்கு நேரே டாக்டரய்யா என்பார்கள். திரும்பியதும் கடுதாசி டாக்டர் என்பார்கள். அந்தப் பெயருக்குக் காரணம் உண்டு.

பங்களாவில் முன்பு இருந்த கிழட்டுத் துரை சீமைக்குப் போனபோது மூன்று பெட்டி நிறையப் புத்தகங்களை விட்டுவிட்டுப் போனார். எல்லாம் தடித்தடியான இங்கிலீஷ் கதைப் புத்தகங்கள், அவருடைய பாட்டன் காலத்தவை. அட்டைகளைக் கறையான் தின்றிருந்தது. "மருந்து மடிக்க ஆகும்" என்று சொல்லிப் பெரிய கிளாக்கர் பெட்டிகளை மருந்துக் காம்பராவுக்கு அனுப்பிவைத்தார். காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினாத் தூளை அப்போதெல்லாம் கடுதாசியில்தான் மடித்துக் கொடுப்பார்கள். ஒரு தாளை நாலாகக் கிழித்தால் நாலு பொட்டலம்.

வேறு ஒருவராக இருந்தால் கிழித்து மடித்துக் கொடுத்துக்கொண்டு போயிருப்பார். இவரால் அது முடியவில்லை. படிக்காமல் எந்தத் தாளையும் கிழிப்பதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொண்டார். படிப்பது என்றால் கண்ணால் ஓட்டுவது இல்லை. அந்தத் தாளில் தெரியாத சொல் எத்தனை இருக்கிறதோ, அத்தனையையும் அகராதியில் பார்த்து, மூன்று தரம் வாய்க்குள் சொல்லி, மனசில் நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகுதான் கிழிப்பார். கிழித்த தாள் கொயினாவோடு லயத்துக்குப் போய்விடும். மறந்தால் திரும்பிப் பார்க்க முடியாது. அதனால்தான் மனசில் நிற்கிறது என்பார்.

காலையில் மருந்துக்கு வருகிறவர்கள் வாசலில் காத்திருக்க வேண்டும்.

"ஐயா, புள்ள காச்சல்ல அனத்துது. சீக்கிரம் மடிச்சுக் குடுங்க."

"இன்னும் ரெண்டு சொல்லு இருக்கு. உக்காரு."

"மருந்துக்கு எதுக்குய்யா சொல்லு?"

"மருந்துக்கு இல்ல. தாளுக்கு."

"போன டாக்டரய்யா வாழை எலையில மடிச்சுக் குடுப்பாரு. எலையில ஒண்ணும் எழுதியிருக்காது" என்று அந்தப் பெண் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம், "காச்சல நாம பாத்துக்குவோம் புள்ள. ஐயா பரீச்ச எழுதி முடிக்கட்டும்" என்றாள். வாசல் முழுதும் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவுமில்லை. இரண்டு சொல்லையும் முடித்துக்கொண்டு, தாளைக் கிழித்து, மருந்தை மடித்து, "சோத்துக்குப் பிறகு. வெறும் வயித்துல குடுக்காத" என்று சொல்லிக் கொடுத்தார். எல்லோரிடமும் அதையே சொல்வார். கொயினா வெறும் வயிற்றில் குமட்டும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அடுத்த தாளை முன்கூட்டிப் படிப்பதில்லை என்றும் அவருக்கு ஒரு விதி. ஆகவே மழை மாதங்களில், லயம் முழுதும் காய்ச்சலில் கிடக்கும்போது, கதை வேகமாக ஓடும். கச்சான் காற்று அடிக்கும் வறண்ட மாதங்களில் காய்ச்சல் குறைவு, கதை நின்றுவிடும். ஒரு வருடம் கதையில் யாரோ வீட்டுக் கதவைத் தட்டிய ஒரு பெண் ஐந்து வாரம் வாசலிலேயே நின்றாள். எனக்கு அது தெரியும். எப்படி என்றால், பெரிய கிளாக்கர் தினமும், "என்ன டாக்டர், கதவு தொறந்தாச்சா?" என்று கேட்பார்.

"இல்லீங்க."

"அடுத்த பக்கத்தப் பொரட்டினா என்ன, போலீசா புடிக்கும்?"

"அப்படிப் படிச்சா கதை தெரிஞ்சுபோகும். சொல்லு நிக்காது."

அந்த நாட்களில் ஒரு காலை, பெயர் கூப்பிடும் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போன பிறகு, அவர் கங்காணியை நிறுத்தி, "லயத்துல யாருக்கும் காச்சல் இல்லியா?" என்று கேட்டார். "இல்லீங்கய்யா, மாரியாத்தா புண்ணியத்துல எல்லாரும் நல்லா இருக்காங்க" என்றார் கங்காணி. "அப்படியா" என்றார் இவர். அந்த 'அப்படியா' எனக்குப் பிடிக்கவில்லை. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

மருந்து அலமாரிக்கு மரக்கதவு. அதன் உள்பக்கம் முழுதும் பென்சிலால் சொற்கள் எழுதி வைத்திருந்தார். அகராதியில் அர்த்தம் பார்த்தாகிவிட்டது, ஆனால் அந்த அர்த்தத்தை உலகத்தில் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை என்றால் அந்தச் சொல் கதவுக்குப் போகும். என்றாவது கண்ணில் பட்டால் அதன்மேல் ஒரு கோடு. கோடு விழுந்த சொல்லைத்தான் வாயால் சொல்வார், கடிதத்தில் எழுதுவார். கோடு விழாத சொல்லை எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் தொட மாட்டார். "அகராதி சொல்றது பாதிதாங்க. மீதிய யாராவது நடந்து காட்டணும்" என்று ஒரு தடவை சொன்னார்.

பெரிய கிளாக்கர் அப்படி ஒன்றை நடந்து காட்டினார். ஒரு அடைமழை நாள். பங்களா நாய் ஆபீசிலிருந்து பங்களாவுக்குப் போக வேண்டியிருந்தது. பெரிய கிளாக்கர் தன் குடையை நாய்க்குப் பிடித்துக்கொண்டு, தான் முழுக்க நனைந்தபடி குனிந்து குனிந்து கூடவே போனார். கிழட்டுத் துரைக்குப் பிறகு வந்திருந்த துரை அதை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். டிஸ்பென்சரும் தம் வாசலிலிருந்து பார்த்தார். உள்ளே போய் அலமாரியைத் திறந்து ஒரு கோடு போட்டார்.

இரண்டு நாள் கழித்து ஆபீசில் எல்லோர் முன்னாலும், "பெரியவரே, நீங்க ஒப்சீக்வியஸ்" என்றார்.

பெரிய கிளாக்கருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நெசமாவா சொல்றீங்க?"

"சந்தேகமே இல்ல."

அந்த மாதக் கடைசியில் பெரிய கிளாக்கரின் மாமனார் ஹாலிஎலயிலிருந்து வந்திருந்தார். "டாக்டர், அன்னைக்கிச் சொன்னீங்களே, அந்த வார்த்தைய மாமாகிட்ட இன்னொருக்காச் சொல்லுங்க" என்று கூப்பிட்டார். இவர் போய்ச் சொன்னார். மாமனார் கைகூப்பி ஏற்றுக்கொண்டார். இவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. எனக்கும் அப்போது அர்த்தம் தெரியாது. பல வருடங்களுக்குப் பிறகு அகராதி வாங்கிப் பார்த்தேன். பெரியவர்கள் காலடியில் குழைந்து நெளிகிறவன் என்று போட்டிருந்தது.

தோட்டத்தில் கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்த எல்லோருக்கும் ஏதாவது ஒரு சொல் கிடைத்தது. எனக்கு மட்டும் கிடைக்கவில்லை. மாதம் ஒருமுறை மருந்துக் கணக்கும் மரண அறிக்கையும் வாங்க நான் அவரிடம் போவேன். என்னை ஒரு நிமிடம் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். எனக்கும் ஒரு சொல் வேண்டும் என்று ஆசை இருந்தது. கேட்கிற சுபாவம் எனக்கில்லை.

பிறகு புதுத் துரை வந்தார். அவரைப் பற்றி ஒன்றே ஒன்று சொன்னால் போதும்: அவர் யாரிடமும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள மாட்டார். என்ன சொன்னாலும் "எனக்குத் தெரியும்" என்பார். உரம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒரு காலை முழுதும் மலையைச் சுற்றினாரே தவிர, கங்காணியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

லயத்தில் பாதிப் பேர் வேலைக்குப் போகாமல் இருக்கக் காய்ச்சல் என்று பொய் சொல்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும் என்றார். அதனால் ஒரு உத்தரவு போட்டார். சனிக்கிழமைதோறும் தோட்டத்தில் அரிசி போடுவார்கள். இந்த உத்தரவுக்கு முன் நோயாளிகளுக்கும் பாதி அரிசி உண்டு. இனிமேல் ஒரு வாரத்துக்கு மேல் படுத்திருக்கிறவர்களுக்கு அரிசி கிடையாது. அந்தப் பெயர்களை அரிசிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு நல்ல பட்டியல் எழுதியது நான்தான். மழை மாதம் அது. பன்னிரண்டு பெயர்களை எடுத்தேன்.

டிஸ்பென்சர், இன்னாருக்கு நிஜமாகவே காய்ச்சல், அரிசி போட வேண்டும் என்று துரைக்குச் சீட்டு எழுதினார். சீட்டு இரண்டாகக் கிழிந்து திரும்பி வந்தது. மறு வாரம் இன்னொன்று, அதற்கும் மறு வாரம் இன்னொன்று. மூன்றும் கிழிந்து வந்தன. மூன்றாவது சீட்டின் இரண்டு துண்டையும் நான்தான் அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"படிக்கவே இல்லீங்க" என்றார். "மடிப்புப் பிரியல. மடிச்சபடியே கிழிச்சிருக்காரு."

சீட்டு அவமதிக்கப்பட்டதைவிட, ஒரு கடுதாசி படிக்கப்படாமல் கிழிந்ததுதான் அவரை அதிகம் பாதித்ததாக எனக்குத் தோன்றியது. அந்த மூன்றாவது சீட்டில் செல்லாயி என்ற பெண்ணின் பெயர் முதலில் இருந்தது.

செல்லாயி கீழ் லயத்தில் இருந்தாள். கொழுந்து எடுக்கிறவள். புருஷன் காத்தான் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து ஆள். இரண்டு பிள்ளைகள். அவள் காய்ச்சலில் விழுந்து நாலாவது வாரம் முடியும்போது செத்துப்போனாள். புதைத்துவிட்டு வந்த மறுநாள் காலை காத்தான் மருந்துக் காம்பராவுக்கு வந்தான். மாதக் கடைசி, மரண அறிக்கைக்காக நான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

காத்தான் மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து மேசைமேல் அவிழ்த்தான். கொயினாப் பொட்டலங்கள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"என்னடா இது?" என்றார்.

"மருந்துங்கய்யா. மிச்சம். வேற யாருக்காச்சும் ஆகுமேன்னு கொண்டாந்தேன்."

"ஏன் மிச்சம்? ஒரு நாளைக்கு ஒண்ணுதானே குடுத்தேன்?"

"ஐயாதான் சோத்துக்குப் பிறகு தின்னச் சொன்னீங்களாமே. சோறு தின்ன அன்னைக்கெல்லாம் தவறாமத் தின்னுருக்கா. பொய் சொல்ல மாட்டா சாமி. எம் பங்கு அரிசிய ஆக்குனா, புள்ளைங்களுக்குப் போட்டுட்டு எனக்குப் போடுவா. தனக்கு இருந்தாத் திம்பா. பக்கத்து வீட்டுல கஞ்சி குடுத்தாங்க, அதையும் புள்ளைங்களுக்கு ஊத்திட்டா. நான் வேலைக்குப் போயிருவேன், எனக்கு என்னங்க தெரியும்?"

அவர் ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்தார். காத்தான் துணியை உதறி மடியில் செருகிக்கொண்டான். "நான் வர்றேங்க. செக்ரோல்ல பேரு விழணும், இல்லேன்னா இன்னைக்குக் கூலி இல்ல" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.

அவன் போனதும் அவர் ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்தார். தூளைச் சீசாவில் கொட்டினார். கடுதாசித் துண்டுகளைக் கையால் தேய்த்து நிமிர்த்தி மேசையில் பரப்பினார். பிறகு அவற்றைப் படிக்கத் தொடங்கினார். ஒரு துண்டை எடுப்பது, இரண்டு வரி படிப்பது, இந்தப் பக்கம் வைப்பது, அந்தப் பக்கம் வைப்பது. எனக்கு அப்படிக் கோபம் வந்ததில்லை. ஒரு பெண் செத்துப்போயிருக்கிறாள், இந்த மனிதர் கதை படிக்கிறார் என்று நினைத்தேன். எழுந்து போய்விடலாமென்று இருந்தேன்.

"இத பாருங்க" என்றார். துண்டுகள் நாலு வரிசையாக இருந்தன.

"இது வண்டி கவுந்துபோற எடம். மொத வாரம் கிழிச்சது. ஏழு பொட்டலம் குடுத்தேன்; ரெண்டு திரும்பி வந்திருக்கு. அஞ்சு நாள் சோறு தின்னிருக்கா. இது கல்யாணம் நின்னுபோற எடம், ரெண்டாவது வாரம். நாலு திரும்பியிருக்கு. மூணு நாள் தின்னிருக்கா. இது கப்பல் பொறப்படுறது. ஆறு திரும்பியிருக்கு. ஒரே ஒரு நாள்." கடைசி வரிசையைக் காட்டினார். அதில் ஏழு துண்டும் இருந்தன. "இந்த ரெண்டு தாள்லயும் ஒரு அம்மா மழையில நடந்து போறா. இது போன வாரம் குடுத்தது."

கொஞ்சம் கழித்து, "சோத்துக்குப் பிறகுன்னு சொன்னது நான்தான்" என்றார். அதைத் தனக்குச் சொல்லிக்கொண்டாரா, எனக்குச் சொன்னாரா தெரியாது.

மரண அறிக்கையில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் எல்லாத் தோட்டத்திலும் 'டெபிலிட்டி' என்றுதான் எழுதுவார்கள். பலவீனம் என்று அர்த்தம். அந்தச் சொல் எனக்கே தெரியும். எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அவர் பேனாவை எடுத்துக் கட்டத்துக்கு மேலே பிடித்தபடி இருந்தார்.

நான் மெதுவாக, "டெபிலிட்டிதானேங்க?" என்றேன்.

"பெலவீனம் எதுனால வந்துச்சு?"

"பசின்னு எழுத முடியுமாங்க?"

"முடியும். துரை கிழிச்சுப் போட்டுருவாரு. வேற எழுதச் சொல்லுவாரு. நான் எழுதலேன்னா உங்கள எழுதச் சொல்லுவாரு." என்னைப் பார்த்தார். "நீங்க எழுதிருவீங்க."

உண்மைதான். நான் எழுதிவிடுவேன்.

அவர் எழுந்து அலமாரிக் கதவைத் திறந்தார். மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வந்து ஒரு சொல்லில் நின்றார். அது வெகு நாளாக அங்கே இருந்த சொல்; பென்சில் மங்கிப்போயிருந்தது. அதன்மேல் ஒரு கோடு போட்டார். திரும்பி வந்து கட்டத்தில் எழுதினார்: 'இனனிஷன்'.

அந்த மனிதரிடம் நான் முதன்முதலாக அர்த்தம் கேட்டது அன்றைக்குத்தான்.

"வயித்துக்கு ஒண்ணும் இல்லாம ஒடம்பு காலியாப் போறது" என்றார். "பசிய எல்லாருக்கும் தெரியும், அதனால கிழிச்சிருவாங்க. இதக் கிழிக்கணும்னா அர்த்தம் தெரியணும். தெரியலேன்னா யாருகிட்டயாவது கேக்கணும். அவரு கேக்க மாட்டாரு."

நான் அறிக்கையை ஆபீசுக்குக் கொண்டுபோய், என்னால் முடிந்த அளவு அழகான எழுத்தில், அந்தச் சொல்லை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து நல்ல பிரதி எழுதினேன்.

துரை கையெழுத்துப் போட உட்கார்ந்தார். பேனா கட்டத்துக்கு மேலே நின்றது. நான் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றேன். பெரிய கிளாக்கர் அந்தப் பக்கம். துரை சொல்லை நெடுநேரம் பார்த்தார். பெரிய கிளாக்கரைப் பார்த்தார். பெரிய கிளாக்கருக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லும் வழக்கம் அவரிடமும் இல்லை.

"வைத்திய சாஸ்திர வார்த்தைங்க துரை. லத்தீன். டெபிலிட்டி மாதிரிதாங்க, கொஞ்சம் உயர்ந்த வார்த்தை" என்றார்.

"எனக்குத் தெரியும்" என்றார் துரை. கையெழுத்துப் போட்டார்.

அந்த ஆபீசில் அர்த்தம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் பேசவில்லை. பேசாமல் இருந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் பிரயோசனப்பட்டது. அறிக்கை தபாலில் பதுளை அரசாங்கக் கச்சேரிக்குப் போயிற்று.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. டிஸ்பென்சர் பொட்டலம் கொடுக்கும்போது சொல்வதை மாற்றிக்கொண்டார். "சோறோ, கஞ்சித் தண்ணியோ, வெறும் தண்ணியோ, என்ன இருக்கோ அதோட தின்னு. நிறுத்தாத" என்பார். பிறகு ஒரு வியாழக்கிழமை பதுளையிலிருந்து அரசாங்க டாக்டர் குதிரையில் வந்து இறங்கினார். அவர் புத்தகம் படிக்கிறவர் போலிருக்கிறது. கையில் அந்த அறிக்கை இருந்தது.

ஆபீசில் துரை, டாக்டர், பெரிய கிளாக்கர், டிஸ்பென்சர், நான். இங்கிலீஷில்தான் பேச்சு. எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன்.

"இந்தப் பெண் பட்டினியால் செத்தாள் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்றார் டாக்டர்.

துரையின் முகம் சிவந்தது. அவருக்கு இரண்டு வழிகள் இருந்தன. தெரியாமல் போட்டேன் என்று சொல்லலாம். அல்லது தெரிந்து போட்டேன் என்று சொல்லலாம். டிஸ்பென்சர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். துரை ஜன்னலைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"அப்படியானால் என்ன செய்தீர்கள்?"

துரை மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினார். டாக்டர் டிஸ்பென்சரைக் கேட்டார். அவர் துணிப்பையிலிருந்து பத்தொன்பது கடுதாசித் துண்டுகளையும் எடுத்துத் துரையின் மேசைமேல் நாலு வரிசையாக வைத்து, வண்டி கவிழ்ந்தது, கல்யாணம் நின்றது, கப்பல் போனது, மழையில் நடந்தது என்று எந்தத் தாள் எந்த வாரம் கிழித்தது, எத்தனை திரும்பி வந்தது என்று சொன்னார். டாக்டர் ஒரு துண்டை எடுத்துப் படித்தார். அந்தப் புத்தகம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்த எழுத்து உன்னுடையதா?"

"ஆமாங்க."

"அர்த்தம் தெரிந்து எழுதினாயா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். துரையும் பார்த்தார். துரைக்கு நான் என்ன சொல்வேன் என்பது முக்கியம் என்று எனக்குத் தெரிந்தது. கிளாக்கருக்குத் தெரிந்தது துரைக்குத் தெரியவில்லை என்றால் அவர் என்னை மன்னிக்க மாட்டார்.

"தெரியாதுங்க. பாத்து எழுதுனேன்" என்றேன்.

டிஸ்பென்சர் நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மறுபடி தரையைப் பார்த்தார்.

வாசிக்கிறவர்களிடம் இப்போது சொல்கிறேன். எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு வரிக்காகத்தான் போலிருக்கிறது.

அடுத்த வாரம் துரை ஒரே நாளில் இரண்டு உத்தரவு எழுதிக் கொடுத்தார். இரண்டையும் நான்தான் நல்ல பிரதி எழுதினேன். முதலாவது: காய்ச்சலில் படுத்திருக்கிறவர்களுக்கு, எத்தனை வாரமானாலும், முழு அரிசி போட வேண்டும். இரண்டாவது: பங்களாவுக்குச் சொந்தமான புத்தகங்களைக் கிழித்து நாசப்படுத்திய குற்றத்துக்காக டிஸ்பென்சர் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். புத்தகப் பெட்டிகளை யார் அனுப்பினார்கள் என்று கேட்டபோது பெரிய கிளாக்கர் தமக்கு ஞாபகமில்லை என்றார்.

டிஸ்பென்சர் வாதாடவில்லை. "கிழிச்சது உண்மைதானேங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் புறப்பட்டார். ஒரு தகரப் பெட்டி, அகராதி, குடை. மீதிப் புத்தகங்களைத் தொடவில்லை. பதுளைக்குப் போகும் மாட்டுவண்டி வரும்வரை மருந்துக் காம்பரா வாசலில் நின்றார். நான் வழியனுப்பப் போயிருந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

"கதை எங்க நிக்குதுங்க?" என்று கேட்டேன். அதுதான் வாயில் வந்தது.

"அதுக்குப் பிறகு எலையிலதான் மடிச்சேன். அந்த அம்மா இன்னும் மழையிலதான் நடக்குறா" என்றார். பிறகு, "உங்களுக்கு ஒரு சொல்லு வச்சிருந்தேன்" என்றார்.

நான் கிட்டப் போனேன்.

"ரொம்ப நாளா அலமாரிக் கதவுல இருக்கு. நீங்க அந்த அறிக்கைய எழுதி அனுப்புன அன்னைக்கே கோடு போட்டிருப்பேன். எதுக்கும் இன்னும் கொஞ்சம் பாப்போம்னு விட்டுட்டேன். அன்னைக்கி ஆபீஸ்ல நீங்க பேசுன பிறகு அது ஒட்டல."

"அது என்ன சொல்லுங்க?"

"ஒட்டாத சொல்ல எதுக்குங்க சொல்லிக்கிட்டு." வண்டி வந்துவிட்டது. பெட்டியை ஏற்றினார். ஏறி உட்கார்ந்த பிறகு, "விடுங்க. நீங்க குடும்பஸ்தர்" என்றார். வண்டி இறக்கத்தில் போயிற்று. அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. அண்ணன் கடையில் கொஞ்ச நாள் துணி கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்றும், பிறகு அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போய்விட்டார் என்றும் கேள்விப்பட்டேன்.

அன்று சாயந்தரம், வெளிச்சம் இருக்கும்போதே, மருந்துக் காம்பராவுக்குப் போய் அலமாரிக் கதவைத் திறந்து பார்த்தேன். கோடு விழாத சொற்கள் முப்பதுக்கு மேல் இருந்தன. ஒன்றுக்கும் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. அவற்றில் ஒன்று எனக்காக இருந்தது. நாளைக்குக் கடுதாசியும் பென்சிலும் கொண்டுவந்து எல்லாவற்றையும் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

மறுநாள் புது டிஸ்பென்சர் வருவதற்காக மருந்துக் காம்பராவைச் சுத்தம் செய்து, அலமாரிக்கு உள்ளும் புறமும் பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். சனிக்கிழமை, அரிசி போடுகிற நாள். படுத்திருந்தவர்கள் பதினொரு பேர். பதினொரு பேருக்கும் போட்டோம்.